அதிகம் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜினைப் பிரிக்கலாமா, வேண்டாமா: முடிவெடுக்க முழுமையான வழிகாட்டி

மீட்டர் ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார் கொஞ்சம் புகை விட்டால் போதும், "இன்ஜினை இறக்கிடலாம்" என்ற பேச்சு வந்துவிடும். சில நேரம் அது சரியான பேச்சுதான். எதையும் அளக்காமல் சொன்னால் வெறும் ஊகம். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த பழைய ஆக்டேவியா ஆர்எஸ், போலோ ஜிடி, அபார்த் புன்டோ, எப்போதாவது ஒரு போர்ஷே பாக்ஸ்டர் கண்ணில் படுகின்றன. இவற்றைப் புதிதாக வாங்கியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: சோதித்துப் பார்க்கும் முன்பே பிரித்துவிடுகிறார்கள். பிரித்த இன்ஜினில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்க முடியாது, ஆயில் பிரஷர் பார்க்க முடியாது, புகை எப்போது வருகிறது என்றும் பார்க்க முடியாது. அதன்பிறகு எல்லாப் பாகத்தையும் மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

கீழே உள்ள வரிசை செலவு குறைந்த சோதனையில் தொடங்குகிறது. ஒரு படியில் காரணம் கிடைத்தால் அங்கேயே நின்று, அதைச் சரிசெய்து, மறுபடி ஓட்டிப் பாருங்கள். அடுத்த படி தேவைப்படாமலே போகலாம்.

1. கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் இன்ஜின் கோடுக்கான (இன்ஜின் வகையைச் சொல்லும் குறியீடு) சர்வீஸ் மேனுவல். ஒரே மாடலில் இரண்டு மூன்று இன்ஜின் கோடுகள் இருக்கும். கம்ப்ரஷன் எல்லை, ஆயில் பிரஷர், போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) அளவு எல்லாம் கோடுக்குக் கோடு மாறும். மேனுவல் இல்லாமல் எடுத்த அளவு வெறும் எண்தான்.

அப்புறம் கருவிகள்: மரை போட்டு முறுக்கும் வகை கம்ப்ரஷன் கேஜ், லீக் டவுன் டெஸ்டர், ஏர் கம்ப்ரஸர், மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ், ஸ்கேனர், போனில் மாட்டும் போரோஸ்கோப் கேமரா. ரப்பர் முனையைக் கையால் அழுத்திப் பிடிக்கும் கேஜ் வேண்டாம். இந்த கார்களில் பிளக் ஆழமான குழிக்குள் இருப்பதால் அழுத்தம் கசிந்து, நல்ல சிலிண்டரும் மோசமாகத் தெரியும்.

அடுத்த படியின் சத்தச் சோதனையில் தேறிய கார் என்றால், மற்ற எதற்கும் முன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், மேனுவல் சொல்லும் கிரேடிலேயே. விற்கும்போது 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயிலை ஊற்றிச் சத்தத்தையும் புகையையும் அமுக்கிவைப்பது சகஜம். அந்த ஆயிலோடு எடுக்கும் பிரஷர் அளவு உண்மையைச் சொல்லாது. கழற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள், 8-ஆம் படியில் வேண்டும்.

2. சத்தம்: இதை எல்லாவற்றுக்கும் முன் முடியுங்கள்

மற்ற கோளாறுகள் காத்திருக்கும், பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனின் ராடு கிராங்க் ஷாஃப்டில் சேரும் இடத்து பேரிங்) சத்தம் காத்திருக்காது. பாரம் ஏறும்போது கூடுகிற, அடியிலிருந்து வரும் கனமான 'டொக் டொக்' கேட்டால் காரை ஓட்டக் கூடாது. ஐடிலில் ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டரையும் காயிலையும் நிறுத்திப் பாருங்கள். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் தணிகிறதோ, அந்த ராடின் பேரிங்தான் பெரும்பாலும் குற்றவாளி. இந்தச் சோதனைக்கு நிமிடக் கணக்கு போதும். அதற்குமேல் ஓட விடாதீர்கள். அடுத்த நூறு கிலோமீட்டரில் கிராங்க் ஷாஃப்டும் பிளாக்கும் சேர்ந்து போய்விடலாம். அப்படிப் போனால் சரிசெய்யவே எதுவும் மிஞ்சாது. டோ பண்ணி எடுத்துச் செல்லுங்கள்.

மற்ற சத்தங்களை இதோடு குழப்ப வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி சலசலத்து அடங்கினால் டைமிங் செயின் டென்ஷனரைப் பாருங்கள். மெல்லிய 'டிக் டிக்' ஹைட்ராலிக் லிஃப்டராகவோ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவாகவோ இருக்கலாம். குளிர்ந்த இன்ஜினில் கேட்டு, சூடானதும் மறைந்தால் பிஸ்டன் ஆட்டம். அது பல வருடம் அப்படியே ஓடும்.

டென்ஷனரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டைமிங் செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி, தேவையே இல்லாத ஓவர்ஹால் கட்டாயமாகிவிடும்.

3. ஆயில் கணக்கு

"ஆயில் குடிக்குது" என்றால் எவ்வளவு? இதற்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். சமதரையில், ஒரே இடத்தில், இன்ஜின் சூடாகி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து அளவு பாருங்கள். எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு மாறும், கணக்கு கெடும். ஊருக்குள் மட்டும் ஓட்டாமல் கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை ஒருமுறை போய் வந்தால் பாதிக் கணக்கு முடிந்துவிடும், நெடுஞ்சாலை ஓட்டமும் அதில் சேரும்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை சில தயாரிப்பாளர்களின் கையேடுகளே ஏற்றுக்கொள்கின்றன. அதற்குக் கீழே, கூடாமல் குறையாமல் நின்றால், ஆயில் செலவை மட்டும் காரணமாக வைத்து இன்ஜினைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் கதை வேறு. எரிகிற ஆயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும்; அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

4. புகை எப்போது வருகிறது

நிறத்தைவிட நேரம் முக்கியம். இரவெல்லாம் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததும் ஒரு நீலப் புகை வந்து மறைந்தால் வால்வ் சீல் (வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுப்பது). ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் தொடர்ந்து நீலம் வந்தால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) அல்லது போர். நீண்ட இறக்கத்தில் கியரில் இறங்கி, கீழே வந்து ஆக்சிலரேட்டரைத் தொடும்போது குப்பென்று வந்தால் மறுபடியும் வால்வ் சீல் அல்லது கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்). இறக்கத்தில் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் கூடி ஆயிலை உறிஞ்சுவதே காரணம்.

இந்த இறக்கச் சோதனைக்குத் தொப்பூர் கணவாயைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தருமபுரியிலிருந்து சேலம் போகும் அந்த இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடித்தபடி வரும், விபத்துகளும் அதிகம். கண்ணாடியில் புகையைப் பார்த்துக்கொண்டு இறங்கும் இடம் இல்லை அது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் சாலையில், அதிகாலையில், பின்னால் ஒரு நண்பரை வேறு வண்டியில் வரச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வரும் வெள்ளைப் புகையும் குறையும் கூலன்டும் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள தகடு) பக்கம் கை காட்டும். கருப்புப் புகை தேய்மானம் இல்லை, பெட்ரோல் அதிகம் போவது.

5. இன்ஜின்மேல் பழி விழ வைக்கும் சின்னக் கோளாறுகள்

பிசிவி வால்வு (இன்ஜின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்புவது) அடைத்தாலோ கிழிந்தாலோ, நல்ல ரிங் உள்ள இன்ஜினும் ஆயில் குடிக்கும். விலை குறைந்த பாகம் என்பதால் முதலில் இதை மாற்றுங்கள்.

டர்போ கார் என்றால் இன்டர்கூலர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். லேசான ஆயில் ஈரம் இயல்பு. தேங்கி நின்றால் டர்போவின் ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். விசிறி சுற்றுச்சுவரில் உரசினால் புகைக்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. டர்போ போனதைக் கண்டுபிடிக்காமல் ரிங் மாற்றினால், வண்டி வெளியே வந்ததும் அதே புகை வரும்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் பெட்ரோல் இன்டேக் வால்வைக் கழுவுவதில்லை. அதனால் வால்வின் முதுகில் கரி படிந்து, ஐடில் நடுங்கும், பிக்கப் குறையும். பலர் இதை "கம்ப்ரஷன் இறங்கிடுச்சு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும்.

கடைசியாகத் தண்ணீர். நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. முந்தைய உரிமையாளர் கூலன்டுக்குப் பதில் அதையே ஊற்றியிருந்தால் ரேடியேட்டரிலும் ஹெட்டின் நீர்ப்பாதையிலும் உப்பு படிந்திருக்கும். சேலத்திலிருந்து கணவாய் ஏறும்போது மட்டும் சூடு கூடுகிறது என்றால் முதலில் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன் மூன்றையும் பாருங்கள். எத்தனை முறை ஓவர்ஹீட் ஆனது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அலுமினிய ஹெட்டுக்கு ஓடிய தூரத்தைவிட அதுதான் பெரிய எதிரி.

6. கம்ப்ரஷன் டெஸ்ட்

இதுதான் நடுநாயகமான சோதனை. அவசரத்தில் தப்பாகச் செய்யப்படுவதும் இதுவே. வரிசை இப்படி:

இன்ஜினை ஓட்டிச் சூடாக்குங்கள். சூட்டில்தான் ரிங், பிஸ்டன் இடைவெளிகள் உண்மையான அளவுக்கு வரும். ஆனால் கொதிக்கும் அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கை முறுக்கி எடுத்தால் மரை போய்விடும், கை வைக்கக்கூடிய அளவு ஆற விடுங்கள்.

காயில் கனெக்டர்களையும் இன்ஜெக்டர் கனெக்டர்களையும் கழற்றி, ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுங்கள். இல்லாவிட்டால் பீய்ச்சும் பெட்ரோல் போர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும், அளவு குறைவாகக் காட்டும். தீப்பற்றும் ஆபத்தும் உண்டு.

எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றிப் பார்ப்பவர்கள் அதிகம். மற்ற சிலிண்டர்கள் எதிர்ப்பதால் கிராங்க் மெதுவாகச் சுற்றி, அளவு குறையும்.

த்ராட்டிலை முழுதாகத் திறந்து பிடிக்க ஒருவர் வேண்டும். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள காரில் பெடலை மிதித்தாலே திறந்துவிட்டது என்று நம்பாதீர்கள், தட்டு திறந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். காற்று உள்ளே போகாவிட்டால் எல்லாச் சிலிண்டரும் ஒரே மாதிரி குறைந்து நின்று, இன்ஜினே முடிந்துவிட்டது போலக் காட்டும்.

பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டுங்கள். முள் ஏறுவது நிற்கும் வரை, ஐந்தாறு அடிப்பு, எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுங்கள். முதல் அடிப்பில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு என இரண்டையும் எழுதுங்கள்.

இப்போது எண்களைப் படிப்பது. தனித்தனி அளவைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம். 170, 165, 168, 160 பிஎஸ்ஐ என்று வந்தால் கவலை இல்லை. 170, 165, 168, 120 என்றால் நாலாவதில் ஏதோ இருக்கிறது. பத்து பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மேலே போங்கள்.

குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு நன்றாக ஏறினால் ஆயில் ரிங்கின் இடைவெளியை அடைத்திருக்கிறது. ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் கேஸ்கட் மேல் சந்தேகம் அதிகம். பாக்ஸ்டர் போன்ற படுத்த சிலிண்டர் இன்ஜினில் ஆயில் கீழ்ப்பக்கமே தேங்கும் என்பதால் இந்த ஈரச் சோதனையை நம்ப வேண்டாம், நேராக அடுத்த படிக்குப் போங்கள்.

நம் பகுதிக்கு ஒரு திருத்தம் உண்டு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் பத்து சதவீதம் குறைவு. சென்னையில் 180 காட்டும் அதே இன்ஜின் ஓசூரில் 160-ஐ ஒட்டித்தான் காட்டும். கிருஷ்ணகிரி, தருமபுரியில் குறைவு ஏறத்தாழ ஐந்து சதவீதம். இதைத் தெரியாமல் சென்னை நண்பர் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டு, நல்ல இன்ஜினைப் பிரிக்கத் துணிந்தவர்கள் உண்டு. எல்லாச் சிலிண்டரும் சமமாக, கொஞ்சம் குறைவாக நின்றால் முதலில் உயரத்தைக் கழித்துப் பாருங்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு குருட்டுப் புள்ளியும் இருக்கிறது. ஆயிலை வழிக்கும் கீழ் ரிங் கரியால் அடைத்துக்கொண்டால் கம்ப்ரஷன் பிரமாதமாக இருக்கும், ஆயில் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 இரண்டாம் தலைமுறை இன்ஜின்கள் இதற்குப் பெயர்போனவை. 3-ஆம் படிக் கணக்கு தனியாக வேண்டும் என்பது இதனால்தான்.

7. லீக் டவுன்: எங்கே கசிகிறது என்று காதால் கேட்பது

சந்தேகப்பட்ட சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரஷன் அடிப்பின் உச்சிக்குக் கொண்டுவந்து, காற்றை உள்ளே விட்டு, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்க்கிறோம். காற்று விடும் முன் கிராங்க் போல்ட்டில் மாட்டிய ஸ்பானரைக் கழற்றிவிடுங்கள். பிஸ்டன் உச்சியிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தாலும் காற்று கிராங்கைச் சுழற்றி, ஸ்பானர் கையை உடைக்கும்.

பத்து சதவீதத்துக்குள் நல்லது. இருபதைத் தாண்டினால் வேலை இருக்கிறது. 'உஸ்' சத்தம் த்ராட்டில் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு, சைலன்ஸர் பக்கம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியைத் திறந்து அங்கே கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது விரிசல்.

8. உள்ளே எட்டிப் பார்ப்பது

பிளக் ஓட்டை வழியாக போரோஸ்கோப்பை விடுங்கள். போர் சுவரில் குறுக்கு நெடுக்காக ஹோனிங் கோடுகள் (இன்ஜின் செய்தபோதே போட்ட மெல்லிய கீறல்கள்) இன்னும் தெரிந்தால் ஒன்றரை லட்சம் ஓடியும் போர் பிழைத்திருக்கிறது. மேலிருந்து கீழாக ஆழக் கீறல் இருந்தால் ரிங் மட்டும் மாற்றுவது வீண்.

எடுத்துவைத்த பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். செம்பு நிறத் துகள் பேரிங் தேய்ந்து அடிப்பூச்சு வரை போனதைக் காட்டும். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. மினுமினுப்பாக, ஒட்டாதது அலுமினியம்.

ஆயில் பிரஷரை டேஷ்போர்டு விளக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது எரியும்போது காலம் கடந்திருக்கும். மெக்கானிக்கல் கேஜை மாட்டி, ஆயில் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிலும் 2000, 3000 ஆர்பிஎம்மிலும் பாருங்கள். ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது பழைய கட்டைவிரல் கணக்கு, மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை.

9. எந்தப் பாதி?

கசிவு வால்விலோ கேஸ்கட்டிலோ இருந்து, போர் சுத்தமாக, பிரஷர் சரியாக இருந்தால் ஹெட்டை மட்டும் கழற்றுங்கள். வால்வ் சீல், லேப்பிங் (வால்வை அதன் இருக்கையில் தேய்த்துப் பொருத்துவது), ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாக்குவது) ஆகியவற்றோடு வேலை முடியும். "ஹெட்டை எடுத்தாச்சு, கையோட ரிங்கும் போட்டுடலாம்" என்பார்கள். நல்ல போரில் படிந்து ஓடும் ரிங்கைக் கலைக்க வேண்டாம்.

போர் கீறியோ, ஃபில்டரில் செம்பு தெரிந்தோ, சூட்டில் பிரஷர் இறங்கியோ இருந்தால் முழு இன்ஜினையும் இறக்கியே ஆக வேண்டும். இங்கே பாதி வேலை செய்வது இருமுறை செலவு.

கம்ப்ரஷனும் பிரஷரும் நன்றாக இருந்து ஆயில் மட்டும் குறைந்தால், பிசிவி மாற்றி, நல்ல ஆயிலோடு இன்னும் ஓர் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டிக் கணக்கெடுங்கள். காத்திருப்பதும் ஒரு முடிவுதான்.

10. பிளாக் வேலைக்கு இடம் கொடுக்குமா?

சாதாரண காரில் எழாத கேள்வி இது, ஸ்போர்ட்ஸ் காரில் முடிவையே புரட்டிவிடும். வார்ப்பிரும்பு பிளாக் என்றால் கவலை குறைவு. 0.25, 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைத்தால் அதற்கேற்பப் போரைக் கடைந்து பெரிதாக்கிவிடலாம். அலுமினிய பிளாக்கில் நிக்கசில், அலுசில், லோக்கசில் போன்ற தனி வகைக் கடினச் சுவர் இருந்தால் சாதாரண போரிங் மெஷினில் கொடுக்கக் கூடாது. மறுபூச்சோ ஸ்லீவோ அதற்கென்றே செய்பவரிடம் போக வேண்டும். பழைய பாக்ஸ்டரின் எம்96 இன்ஜின் லோக்கசில் வகை; அதன் ஐஎம்எஸ் (இடைநிலை ஷாஃப்ட்) பேரிங்கும் பேர்போன பலவீனம், இறக்கினால் அதையும் சேர்த்தே பாருங்கள்.

ஓசூரில் தொழிற்சாலைகளுக்கு வேலை செய்து பழகிய மெஷின் ஷாப்கள் நிறைய உண்டு. துல்லியம் அவர்களுக்குப் புதிதில்லை, ஆனால் உங்கள் பிளாக் வகையைச் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். போரை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்திலும் குறுக்கும் நெடுக்கும் அளந்து, எழுதித் தரச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொன்று: பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் செட், ஒருமுறை மட்டும் பயன்படும் ஹெட் போல்ட்கள் ஆகியவை எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும் என்று உறுதியாகும் வரை இன்ஜினை இறக்காதீர்கள். பாகம் வராமல் பட்டறை மூலையில் மாதக்கணக்கில் கிடக்கும் கார்கள் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்காதவை. ஆளுக்கொரு டப்பாவில் போட்ட போல்ட்கள் அதற்குள் தொலைந்துவிடும்.

11. பணமும் ஆர்சியும்

மதிப்பீட்டை மூன்று பத்தியாக வாங்குங்கள்: பாகங்கள், மெஷின் வேலை, கூலி. மொத்தத்தோடு முப்பது சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு வாட்டர் பம்ப், கிளட்ச், மவுன்ட் என்று கட்டாயம் சேரும். அந்தத் தொகையை, நல்ல இன்ஜினோடு அதே கார் இன்று விற்கும் விலையோடு வைத்துப் பாருங்கள். பாதியைத் தாண்டினால், இந்தக் காரைப் பல வருடம் வைத்திருப்பேன் என்ற உறுதி உள்ளவர் மட்டும் மேலே போகலாம்.

பெட்ரோல் கார் பதிவு பதினைந்து வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். பதினாலாவது வருடத்தில் இருக்கும் காருக்கு அந்தச் செலவையும் சேர்த்தே யோசியுங்கள்.

சென்னை புதுப்பேட்டையிலோ பெங்களூர் ஜேசி ரோடு பக்கமோ பழைய இன்ஜின் வாங்கிப் போடுவது மலிவாகத் தோன்றும். அந்த இன்ஜினுக்கும் 6-ஆம், 7-ஆம், 8-ஆம் படிகள் பொருந்தும். சோதிக்க விடாதவரிடம் வாங்காதீர்கள். இன்ஜின் எண் மாறுவதால் பில் வேண்டும், உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் (தருமபுரி டிஎன் 29, கிருஷ்ணகிரி டிஎன் 24, ஓசூர் டிஎன் 70) ஆர்சியில் பதிய வேண்டும், இன்ஷூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். கேஏ எண்ணோடே ஓடும் கார் என்றால் அந்தப் பதிவு மாற்றத்தை முதலில் முடியுங்கள்.

12. பிரிப்பது என்று முடிவானால்

எந்த அளவு எல்லையைத் தாண்டியது, என்னென்ன மாற்றப்படும், எது மாற்றப்படாது என்று பட்டறையோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் உங்களிடம் திரும்ப வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். பேரிங்கின் தேய்மானத்தைப் பார்த்தால் கோளாறு எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஆயில் கூலர், இன்டர்கூலர், ஆயில் குழாய்களைக் கழுவாமல் மாட்ட விடாதீர்கள். பழைய இன்ஜினின் உலோகத் துகள் அங்கே ஒளிந்திருந்து புது பேரிங்கை அரைக்கும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல் சுற்றி ஆயில் பிரஷர் வரவழைக்கச் சொல்லுங்கள். பிறகு மணிக்கணக்கில் ஐடிலில் விடும் பழக்கம் வேண்டாம். புது ரிங் போரில் படிய மிதமான பாரம் வேண்டும், ஐடிலில் அது கிடைக்காது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறும் சாலை இதற்கு நல்ல இடம்: ஏற்றத்தில் பாதி ஆக்சிலரேட்டர், இறக்கத்தில் கியரிலேயே விடுதல், நடுவில் வேகத்தை மாற்றிக்கொண்டே. முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குள் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். ஆயிரத்து ஐந்நூறு ஓடியதும் அதே கேஜ், அதே ஊர், அதே சூட்டில் கம்ப்ரஷன் எடுத்துப் பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.